காணின்னா எவ்வளவு? எதுல எவ்வளவு?

கேள்வி இதான்: பாரதி பராசக்திகிட்ட கேட்ட காணி நிலம் எத்தனை சென்ட்? நெட்ல தேடினா 1.32 ஏக்கர்னு வருது, பழைய கணக்கு தெரிஞ்ச தாத்தா ஒருத்தர் 80ல ஒரு பங்குதான் காணின்னு சொல்றார், யாழ்ப்பாணத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் காணின்னாலே நிலம்தான், அதுக்கு அளவெல்லாம் கிடையாதுன்னு சொல்றான், இதுல யார் சொல்றது சரி?

மூணு பேரும் சரிதாங்க. நாலாவதா ஒரு அர்த்தமும் இருக்கு, இந்த மூணு பேருமே அதைச் சொல்லல. என்னைக் கேட்டா அதுதான் எல்லாத்தையும் விட முக்கியமானது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல தாத்தா சொன்ன கணக்கு. நம்ம பழைய பின்னங்கள்ல பாதிக்கு அரை, அதுல பாதி கால், அதுல பாதி அரைக்கால்னு ஒரு வரிசை போகும். அது பாட்டுக்கு இருக்க, 20ல ஒண்ணுக்கு மான்னு பேரு, அந்த மாவை நாலாப் பிரிச்சா காணி, அதாவது 80ல ஒண்ணு. காணியை மறுபடி நாலாப் பிரிச்சா முந்திரி, 320ல ஒண்ணு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடின்னு வெச்சு இதையெல்லாம் தலைகீழா ஒப்பிக்க வெப்பாங்க. மாகாணி வாய்பாடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, மாகாணின்னா 16ல ஒண்ணு, அது எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? மாவும் காணியும் சேர்ந்தா மாகாணி. 20ல ஒண்ணு கூட 80ல ஒண்ணு, ஆக 80ல அஞ்சு, சுருக்கினா 16ல ஒண்ணு. பேருலயே கணக்கு இருக்கு, தனியா மனப்பாடம் பண்ணவே வேணாம். மூணு காணி சேர்ந்தா முக்காணி, 80ல மூணு. கன்னடத்துலயும் தெலுங்குலயும் இதே சொல்லு இருக்கு, ஆனா அங்க 64ல ஒண்ணு. நம்ம ஆளு மாவுல கால் பங்கைக் காணின்னான், அவங்க வீசத்துல, அதான் 16ல ஒண்ணுல, கால் பங்கைக் காணின்னாங்க. ரெண்டுலயும் பொது என்னன்னா கால் பங்குங்கறதுதான். இந்தப் பின்னங்களை எழுதுற குறியீடுகள் எல்லாம் 2019ல யூனிகோடுக்குள்ளயும் வந்துடுச்சு, ஃபான்ட் இருந்தா காணியை ஒத்தை எழுத்தாவே போட்டுக்கலாம், யார் போடப்போறாங்கங்கறது வேற விஷயம்.

320க்குக் கீழ போகணும்னா இன்னும் பேரு தேடிட்டு உக்காரல, ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாங்க: கீழ். கீழ்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் வர்ற பின்னம் எல்லாம் 320ஆல வகுபடும். கீழ்முந்திரின்னா 320ல ஒண்ணுல 320ல ஒண்ணு, 1,02,400ல ஒரு பங்கு. இன்னொரு கீழ் போட்டா இன்னொரு 320. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல ஊர் நிலத்தைச் சொல்லும்போது இத்தனை வேலி, அதுக்கு மேல இத்தனை மா, முக்காணி, கீழ் அரை, அதுக்கும் கீழ் இத்தனைன்னு மூச்சு வாங்காம இறங்கிட்டே போகும். ஒரு வேலியில 52,428,800,000ல ஒரு பங்கு வரைக்கும் ராஜராஜன் காலத்துல நிலம் அளந்தாங்கன்னு வாட்ஸாப்ல பெருமையா சுத்துதே, அந்த எண் இங்கருந்துதான் வருது. 320ஐ நாலு தடவை பெருக்கி அதை அஞ்சால பெருக்குங்க, சரியா அதே எண் வரும்.

எண் உண்மை, ஆனா அளந்தாங்கங்கறதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். இன்னைய தஞ்சாவூர் வேலிக்கணக்குல போட்டுப் பாருங்க, அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர்தான் வரும். ஒரு கடுகு உக்காரவே அது பத்தாது. எந்தக் கோலை வெச்சு அதை அளக்க முடியும்? ஊரோட மொத்த நிலத்துல ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாத்தையும் கழிச்சு, மிச்சத்துக்கு இறை, அதாவது வரி, போட்டு, நிலத்தோட தரத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கிக் கணக்கு எழுதுனா மீதி வரும்ல, அந்த மீதியை ரவுண்டு பண்ணாம அப்படியே கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. இது நிலம் அளக்கறவன் சாமர்த்தியம் இல்ல, கணக்கனோட பிடிவாதம். எனக்கு இதுதான் இன்னும் பெரிய விஷயமா தெரியுது.

சரி, 80ல ஒண்ணுன்னா எதுல 80ல ஒண்ணு? இங்கதான் எல்லா சண்டையும். காவிரி டெல்டாவுல முழுசு வேலி. 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா, ஒரு குழிங்கறது 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. கல்வெட்டுல பதினாறு சாண் கோல்னு வரும், சாணுக்கு 9 அங்குலம்னு வெச்சா அது சரியா 12 அடி, அப்ப இந்தக் குழி ரொம்பப் பழைய வீட்டுப் பிள்ளைதான். ஆனா மாவுக்கு எத்தனை குழிங்கறது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கு, 256 குழி கொண்டது ஒரு மான்னும் கல்வெட்டு இருக்கு, அதனாலதான் பத்திரம் எழுதுறப்ப எந்தக் கோல், மாவுக்கு எத்தனை குழின்னு அவங்களே சொல்லிடுவாங்க. இன்னைய கணக்குப்படி மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. அப்ப வேலியில 80ல ஒண்ணான காணி 25 குழி, 3,600 சதுர அடி, எட்டேகால் சென்ட்.

வடக்க தொண்டை மண்டலத்துக்கு வாங்க. செங்கல்பட்டு, விழுப்புரம், புதுச்சேரி பக்கம் குழிங்கறது 24 அடிக்கு 24 அடி. 100 குழி சேர்ந்தா அங்க மா இல்ல, காணி! 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். நெட்ல வர்ற கணக்கு இதுதான். தஞ்சாவூர்ல நாலு காணி சேர்ந்தா ஒரு மா, இங்க தஞ்சாவூர் மா நாலு சேர்ந்தாத்தான் ஒரு காணி. ஒரே பேரு, 16 மடங்கு வித்தியாசம். சம்பந்தம் பேசுறப்ப மாப்பிள்ளைக்கு அஞ்சு காணி இருக்குன்னு சொன்னா எந்த ஜில்லான்னு கேட்டுட்டு அப்புறம் தலையாட்டுங்க.

இந்த 57,600ஐ 24ஆல வகுத்தா 2,400. ஆமா, சென்னையில இன்னைக்கும் ரியல் எஸ்டேட்காரங்க வாயில வர்ற ஒரு கிரவுண்டு, பழைய பேருல மனை. 24 மனை ஒரு காணி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இதைப் புடிச்சு கானின்னு அவன் பாஷையில எழுதி, மதராஸ் பக்கம் நிலம் அளக்கற ஸ்டாண்டர்டா ஆக்கிட்டான், 1886ல வந்த, இந்தியாவுல புழங்குன ஆங்கிலச் சொற்களுக்கான ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலயும் 24 மனை, 57,600 சதுர அடின்னே போட்டிருக்கு. கணக்கு எவ்வளவு சுத்தமா உக்காருதுன்னா 121 காணி சரியா 160 ஏக்கர், ஒரு சதுர அடி கூடவும் இல்ல குறையவும் இல்ல. வாய்க்கணக்குக்கு மூணு காணி கிட்டத்தட்ட நாலு ஏக்கர்னு வெச்சுக்கலாம், மூணேகால் சென்ட் சொச்சம்தான் குறையும். புதுச்சேரியில பிரெஞ்சுக்காரன் இருந்ததால பத்திரத்துல ஹெக்டேர், ஆர் (100 சதுர மீட்டர்), சென்டியார் (1 சதுர மீட்டர்)னு ஓடும், அதுல ஒரு காணி 53.5 ஆர், ஒரு குழி 53.5 சென்டியார். நூத்துக்கு நூறா இருக்கறதால அங்க ரெண்டு கணக்கும் சண்டையில்லாம குடும்பம் நடத்துது.

இப்ப பாரதிகிட்ட வரலாம். அவர் பொறந்தது எட்டயபுரம், அந்தப் பக்கம் நிலத்தை விதைப்பாட்டுக் கணக்குலதான், அதாவது விதைக்க எவ்வளவு விதை வேணுங்கறதை வெச்சுத்தான் சொல்வாங்க, இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடுன்னு. ஆனா 1908லேருந்து 1918 வரைக்கும் அவர் வாழ்ந்தது புதுச்சேரி, காணியை அன்றாடம் புழங்குற ஊரு. அதுகூட வேணாம், பாட்டையே சாட்சிக்குக் கூப்பிடுங்க. மாளிகை வேணும், கிணறு வேணும், பக்கத்துல பத்துப் பன்னிரண்டு தென்னை வேணும்னு கேக்குறார். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி விடணும், விவசாயம் பண்றவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அப்ப மரம் ஒண்ணுக்கு 625 சதுர அடி, 12 மரத்துக்கு 7,500. டெல்டா காணி மொத்தமே 3,600 தான், தென்னைக்கே பத்தாதே, மாளிகையை எங்க கட்டுறது? அதனால அவர் கேட்டது தொண்டை மண்டலத்துக் காணிதான், 132 சென்ட். பேராசையும் இல்ல, பிச்சையும் இல்ல, ஒரு குடும்பம் காலை நீட்டி உக்கார்ற அளவு.

இனிமே அந்த நாலாவது அர்த்தம். சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினா காணிங்கற சொல்லு முக்கால்வாசி இடத்துல அளவா வரல. உரிமையா வருது. ஒரு நிலத்தை வழிவழியா, பிள்ளை பேரன் காலத்துக்கும், சந்திர சூரியர் உள்ளவரைக்கும் அனுபவிக்கற பாத்தியதை. அந்த உரிமையை வெச்சிருக்கறவர் காணியாளர், அந்த ஆட்சிக்குப் பேரு காணியாட்சி, அதுக்குக் கட்டுற வரி காணிக்கடன். இதுல வேடிக்கை என்னன்னா உரிமை நிலத்தோட நின்னுடல, தொழிலுக்கும் போச்சு. கோயில்ல ஆடல் சொல்லிக் கொடுக்கறவருக்கு நட்டுவக்காணி, மேளம் அடிக்கற உவச்சருக்கு உவச்சக்காணி, சாக்கைக் கூத்து ஆடுறவருக்கு சாக்கைக்காணி. அரியலூர் பக்கம் காமரசவல்லி கோயில்ல இந்த சாக்கைக் கூத்துக்காரருக்கு நிலம் விட்ட கல்வெட்டு இருக்கு. வேலையைச் செய்ற வரைக்கும் நிலம், வேலையும் வம்சத்துக்கு, நிலமும் வம்சத்துக்கு. கோயிலுக்கு ஊரையே எழுதிக் கொடுத்தாக்கூட குடிநீங்காத் தேவதானம்னு ஒரு வகை உண்டு, வரி போய்ச் சேர்ற இடம்தான் மாறும், உழுதுட்டு இருக்கறவன் எழுந்து போகவேண்டாம். ஒரே வயல் மேல ராஜாவுக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, காணியாளனுக்கு ஒரு பங்கு, உழுறவனுக்கு ஒரு பங்கு. இன்னைக்கு நாம நினைக்கிற மாதிரி ஓனர் ஒருத்தர், பட்டா ஒண்ணுங்கற கதையே கிடையாது.

கம்பெனிக்காரனுக்குத் தலை சுத்துனது இங்கதான். 1763ல நவாப்கிட்டேருந்து செங்கல்பட்டு ஜாகீர், அதாவது வரி வசூலிக்கற உரிமையோட கொடுத்த பகுதி, கைக்கு வந்துடுச்சு, வரி யார்கிட்ட வாங்கறது, நிலம் யாரோடதுன்னு கேட்டா ஒவ்வொரு ஊர்லயும் இத்தனை பங்கு காணியாட்சின்னு ஒரு கூட்டமே வந்து நிக்குது. அதிகாரிங்க இதை மிராசுன்னாங்க, அது வாரிசுரிமைங்கற அரபுச் சொல்லுலேருந்து வந்தது, நம்ம மிராசுதார் அதோட பேரன். மதராஸ் கலெக்டரா இருந்த எல்லிஸ், அதான் வள்ளுவர் உருவம் போட்டு பொன் காசு அடிச்சாருன்னு சொல்வாங்களே அந்த எல்லீஸ்துரை, மிராசு பத்தி அரசாங்கம் கேட்ட 17 கேள்விக்கு எழுதுன பதில் 1818ல அச்சாச்சு. மிராசுங்கறது நேத்து வந்த பேரு, உள்ள இருக்கற சரக்கு தமிழ்க் காணியாட்சி, அது ரொம்பப் பழசுன்னு செப்பேடு, ஓலையெல்லாம் வெச்சு வாதாடினார், அவர்கிட்ட வேலை பார்த்த சங்கரய்யாங்கற சிரஸ்தாரோட (கலெக்டர் ஆபீஸ் தலைமை எழுத்தர்) உழைப்பும் அதுல நிறைய இருக்கு. எல்லிஸ் படிப்பாளிதான், சந்தேகமில்ல. ஆனா இந்த வாதத்தோட லாபம் யாருக்குப் போச்சுன்னும் பார்க்கணும். ஊர்ல இருக்கற தரிசுக்குக்கூட மிராசுதாருக்குத்தான் முதல் உரிமைன்னு ஆனதால, தலைமுறை தலைமுறையா அந்த வயல்ல சேத்துல இறங்குன பறையர் குடும்பங்கள் ஒரு துண்டு தரிசு கேட்டு மனு போட்டாலும் மிராசுதார் குறுக்க விழுந்து அதைத் தனக்குன்னு கேக்க முடிஞ்சுது. 1891ல செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இதைப் பத்தி அறிக்கை எழுதினார், அதுக்கப்புறம் 1892ல வந்த ஆணையிலதான் நாம இன்னைக்குப் பஞ்சமி நிலம்னு சொல்றது, தலித் மக்களுக்குன்னு ஒதுக்குன நிலம், ஆரம்பிக்குது. காணின்னா ஏதோ பாட்டுல வர்ற அழகான சொல்லுன்னு மட்டும் நினைக்கறவங்க இந்தப் பக்கத்தையும் படிக்கணும்.

இந்த உரிமைங்கற அர்த்தம் எங்கேருந்து வந்துச்சு? காண், அதாவது பாக்கறதுங்கற வேர்லேருந்துதான்னு நான் நினைக்கறேன். பெரியவங்களைப் பாக்கப் போறப்ப கையில கொண்டு போறது காணிக்கை, அதே வேர். பதிற்றுப்பத்துல ஏழாம் பத்தோட பதிகம் இருக்கே, கபிலருக்கு என்ன பரிசு கிடைச்சதுன்னு சொல்றது, அதுல சேரன் நூறாயிரம் காணம் கொடுத்துட்டு, நன்றாங்கற குன்று மேல ஏறி நின்னு தன் கண்ணுக்குத் தெரிஞ்ச நாடெல்லாம் காட்டிக் கொடுத்தான்னு வரும். கண்ணால எல்லையைக் காட்டறதுதான் நிலம் கொடுக்கற முறைன்னு இதைவிடத் தெளிவா யாரும் எழுதிட முடியாது. அங்க வர்ற காணம் பொன்னு. அதே காணம் கேரளாவுல நில அடமானம் மாதிரியான ஒரு குத்தகை முறைக்குப் பேராச்சு, காணம் விற்றாவது ஓணம் உண்ணணும்னு பழமொழியே இருக்கு. மலபார் மானுவல் எழுதுன லோகனும் 1887லயே அந்தக் காணத்தைப் பாக்கறது, மேற்பார்வை பண்றதுங்கற அர்த்தத்தோடதான் சேர்த்தார். இன்னொரு பக்கம் திருநெல்வேலியில காணம்னா கொள்ளு, துவையல் அரைக்கலாம், அதைப் பொன்னோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

பின்னத்துல வர்ற காணியையும் இதே வேர்ல கட்டறவங்க உண்டு. எனக்கு அது ஒட்டல. 80ல ஒண்ணு, 64ல ஒண்ணுங்கறது பக்கத்து மொழிகள்லயும் கால் பங்குங்கற வேலையைத்தான் செய்யுது, நிலம் கண்ணுல பட்டுச்சாங்கறதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு? ரெண்டும் தனித்தனியா பொறந்து நிலக்கணக்குல சந்திச்சுக்கிட்டதுன்னு வெச்சுக்கிட்டாத்தான் தொண்டை மண்டலத்துல 80ல ஒண்ணுங்கறதே இல்லாம காணி ஒரு முழு அளவா நிக்கறது புரியும். அங்க அது ஒரு பங்குக்கு, ஒரு உரிமைக்கு வந்த பேரு, அந்தப் பங்கு 100 குழின்னு நிலைச்சதும் அளவாவே மாறிடுச்சு.

கொங்குப் பக்கம் போனா அளவும் இல்ல, பத்திரமும் இல்ல, காணின்னா பூர்வீகம். உங்களுக்குக் காணி எந்த ஊருன்னு பெரியவங்க கேட்டா எத்தனை ஏக்கர்னு பதில் சொல்லி வெக்காதீங்க, உங்க கூட்டத்துக்கு, அதாவது குலத்துக்கு, முதல் உரிமை உள்ள ஊர் எது, குலதெய்வக் கோயில் எங்கன்னு கேக்குறாங்க. காணியாச்சி அம்மன்னு சாமிக்கே அந்தப் பேருதான். தெற்க பாபநாசம், பேச்சிப்பாறை மலைகள்ல இருக்கற காணிக்காரர்களுக்கு இனத்தோட பேரே காணி, ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. மலைக்கு நாங்கதான் உரியவங்கங்கறதை இதைவிடச் சுருக்கமா சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்து ஃப்ரெண்டும் பொய் சொல்லல. ஈழத்துல உரிமைங்கற அர்த்தம்தான் தங்குச்சு, அதுலேருந்து நிலத்துக்கே பொதுப்பேரா ஆயிடுச்சு. காணி உறுதின்னா நம்ம ஊர் கிரயப்பத்திரம், முதுசக் காணின்னா பரம்பரைச் சொத்து, 1972ல வந்தது காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருத்தர் 50 ஏக்கருக்கு மேல வெச்சிருக்கக் கூடாது, வயலா இருந்தா 25ன்னு. 1987லேருந்து அங்க பேப்பரைத் தொறந்தா மாகாண சபைக்குக் காணி அதிகாரம் உண்டா இல்லையாங்கறதுதான் பேச்சு. அளவுக்கு அவங்க பரப்புன்னு வேற சொல்லு வெச்சிருக்காங்க, 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். அதனால அவர்கிட்ட போய் எத்தனை காணி இருக்குன்னு கேட்டீங்கன்னா எத்தனை இடத்துல துண்டு துண்டா இருக்குன்னு எண்ணிச் சொல்வார், எவ்வளவு பெருசுன்னு சொல்ல மாட்டார்.

இன்னொண்ணு, காணி ஆசை கோடி கேடுன்னு பழமொழி இருக்கு. நிலத்து மேல ஆசைப்பட்டா கெட்டுப்போவேன்னு நிறைய பேர் விளக்கம் சொல்றாங்க. அங்க எதிர்ல நிக்கறது கோடிங்க, கோடிக்கு எதிர்ல நிக்க வேண்டியது 80ல ஒண்ணுதான். தம்மாத்தூண்டுக்கு ஆசைப்பட்டுக் கோடியை விட்டுடாதேங்கறதுதான் அது, நிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் நிலம் பாக்கப் போறீங்கன்னா மட்டும் ஒரு எச்சரிக்கை. புரோக்கர் காணிக் கணக்குல விலை சொல்வார், பட்டாவுல ஹெக்டேர் இருக்கும், பத்திரத்துல சென்ட் இருக்கும். ஒரு காணின்னு பேசி அட்வான்ஸ் கொடுத்தா 132 சென்ட், 53.5 ஆர் இருக்கணும். ஒண்ணேகால் ஏக்கர்தாங்க ஒரு காணின்னு சொல்லி 125 சென்ட் எழுதிக் கொடுக்கப் பாப்பாங்க, அங்க ஏழு சென்ட் போயிடும், அது கிட்டத்தட்ட ஒண்ணேகால் கிரவுண்டு.